திரும்பி வர யோசித்த படகு

எங்கள் வீட்டு வாசலிலே ஒரு படகு வந்து நின்ற நாளை என் மனைவி இன்னும் மறக்கவில்லை; என்னை மறக்க விட்டதுமில்லை. 2023ஆம் ஆண்டு சித்திரை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் மாலை நேரம் அது. கனடாவிலே, ரொறன்ரோ நகரின் கிழக்குப் பகுதியாகிய ஸ்காபரோவில் எங்கள் வீடு. மோட்டார் வண்டி நிறுத்துவதற்கென அமைந்த ஒடுங்கிய முற்றத்தை, 21 அடி நீளமான அந்தப் படகு தன் இழுவண்டியின் மேல் ஏறியிருந்து முழுவதுமாக அடைத்துக்கொண்டது. அயல் வீட்டு யன்னல்களிலே முகங்கள் தோன்றி மறைந்தன.

"இது எங்கே ஓடப் போகுது?" என்று கேட்டாள் மனைவி.

"எங்கும் ஓடும். அதுதான் இதன் சிறப்பு" என்றேன்.

நான் சொன்னதிலே பிழையில்லை. ஒன்ராறியோ மாகாணத்தில் ஏரிகளுக்குக் குறைவே கிடையாது. ஏரிக்கரையில் வீடு வாங்குவது எங்களைப் போன்றவர்களுக்கு ஆகாத காரியம். படகுத்துறையிலே வாடகைக்கு இடம் பிடிப்பதும் பணமுள்ளவர் செய்யும் வேலை. ஆனால் சொந்த மோட்டார் வண்டியின் பின்னே கொழுவி இழுத்துச் செல்லக்கூடிய சிறு படகுவீடு ஒன்று கையில் இருக்குமாயின், ஒவ்வொரு ஏரியும் நம்முடைய ஏரிதான். வீதியிலே விசேட அனுமதியின்றி இழுத்துச் செல்வதற்கு அகலம் 2.6 மீற்றருக்கு மேற்படலாகாது. என் படகு அந்த எல்லைக்குள் அடங்கியது. யாரோ ஒருவர் பழைய மீன்பிடிப் படகின் உடலின்மேல் பலகையால் ஓர் அறையைக் கட்டி, பாதியிலே மனம் சலித்து விற்றுவிட்ட சரக்கு அது. மிச்சப் பாதியை நான் கட்டி முடிப்பதென்று துணிந்தேன். மின்கம்பியும் தண்ணீர்க்குழாயும் எட்டாத இடத்திலே, நான்கு நாட்கள் குடும்பத்தோடு மிதந்து இருக்கவேண்டும். அதுவே என் ஆசை.

இவ்விடத்தில் என் மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். மனைவியின் தந்தையாராகிய அவர் வல்வெட்டித்துறையிலே ஓடாவிக் குடும்பத்தில் பிறந்தவர். அந்த ஊரிலே கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், வேறு பெயர் பூண்டு, 1938ஆம் ஆண்டிலே அட்லாண்டிக் கடலைத் தாண்டி அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்த வரலாற்றை வாசகர்கள் அறிந்திருப்பார்கள். அத்தகைய ஊரிலே உளியும் வாய்ச்சியுமாக வளர்ந்தவர், போர்க்காலத்திலே கடல் மறிக்கப்பட்டபோது தொழிலை இழந்தார். கனடாவுக்கு வந்தபின் அவர் எந்தப் படகிலும் ஏறியதில்லை. வயது 82. நாள் முழுவதும் யன்னலோரத்தில் அமர்ந்து, தெருவிலே செல்லும் பேருந்துகளை எண்ணிக்கொண்டிருப்பார். உண்மையைச் சொன்னால், படகு வாங்கும் எண்ணம் எனக்கு உதித்ததற்கு அந்த யன்னலும் ஒரு காரணம்.

அன்று மாலை மாமா கைத்தடியுடன் முற்றத்துக்கு வந்தார். படகைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். விரல் மடக்கி அதன் உடம்பிலே தட்டித் தட்டி ஓசையைக் கேட்டார். அடியிலே குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"உடம்பு நல்ல உடம்பு, தம்பி. ஆனால் இதுக்கு உருண்டை வயிறு. மேலே என்ன வைச்சாலும் இதைக் கேட்டுத்தான் வைக்கவேணும்."

படகைக் கேட்டு வைப்பதா! நான் சிரித்துக்கொண்டேன்.

இரண்டு மாதங்கள் வேலை நடந்தது. பகலிலே தொழிற்சாலை, மாலையிலே படகு. மின்சாரத்துக்குக் கணக்குப் பார்த்ததிலே எனக்குப் பெரும் பெருமை. சிறு குளிர்ப்பெட்டி ஓடும்போது 45 வாற்று இழுக்கும். நாளிலே பாதி நேரம் ஓடுமெனக் கொண்டால் 540 வாற்று-மணி. விளக்கு, தொலைபேசி முதலியவற்றுக்கு இன்னும் 100. ஆக 640. கூரையிலே 100 வாற்றுச் சூரியத் தகடுகள் இரண்டு பதித்தால், கோடை காலத்துத் தெளிந்த நாளில் 800 வரை கிடைக்கும். மழைமூட்டத்துக்காக 100 அம்பியர்-மணி கொண்ட லிதியம் இரும்புப் பொஸ்பேற்றுப் பற்றரி ஒன்று. அது 1280 வாற்று-மணியைத் தாங்கும். வெயிலே இல்லாவிட்டாலும் இரண்டு நாட்களை ஓட்டிவிடலாம். ஈயப் பற்றரி மலிவுதான். ஆயினும் அதன் கொள்ளளவிலே பாதிக்குமேல் எடுத்தால் ஆயுள் குறைந்துவிடும். நிறையோ இரண்டு மடங்குக்கு மேல். லிதியத்திலும் ஒரு குறையுண்டு. உறைநிலைக்குக் கீழான குளிரில் அதற்கு மின்னேற்றக்கூடாது. கனடாவிலே இதை மறந்தால் பற்றரி கெடும். எனவே மாரி காலத்தில் அது எங்கள் நிலவறையிலே குடியிருக்கும்.

இத்தனை கவனமாகக் கணக்குப் பார்த்த மூளை, தண்ணீர் விஷயத்திலே என்னைக் கைவிட்டது. குளிக்கவும் கழுவவும் 120 லீற்றர் தண்ணீர் பிடிக்கும் தட்டையான கறுப்புத் தொட்டி ஒன்றை வாங்கி, அதைக் கூரையின்மேல் பொருத்தினேன். ஒரு மீற்றர் நீளம், 1.2 மீற்றர் அகலம், உயரமோ 10 சென்ரிமீற்றர் மட்டுமே. வெயிலிலே தண்ணீர் தானாகச் சூடேறும். குழாயைத் திறந்தால் தானாக இறங்கும். பம்பியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம் என்று எண்ணி மகிழ்ந்தேன்.

"தண்ணித் தொட்டியை மேலேயோ வைக்கப் போறீர்?" என்று கேட்டார் மாமா.

"ஓம் மாமா. தானாக இறங்கும்."

"கீழே வைச்சால் என்ன?"

"பம்பி வேணும். பற்றரி செலவாகும்."

அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. மருமகனுக்கு ஒன்றை ஒருமுறை சொல்லலாம், இரண்டாம் முறை சொல்லலாகாது என்பது அவருடைய காலத்து மரியாதை. அந்த மரியாதையை நான் அன்று வெற்றியென்று எடுத்துக்கொண்டேன்.

வீதியிலே இழுத்துச் செல்லும் காரியத்தில் மட்டும் நான் பயந்து நடந்தேன். என் வண்டி இழுக்கக்கூடிய நிறை 5000 இறாத்தல், அதாவது 2268 கிலோகிராம். லொறிகள் நிறுக்கும் மேடையிலே படகையும் இழுவண்டியையும் ஏற்றிப் பார்த்தபோது 2110 காட்டியது. ஆகையால் தொட்டியை வீட்டிலே நிரப்பாமல் ஏரிக்கரையிலே நிரப்புவதென்று தீர்மானித்தேன். மொத்த நிறையிலே பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் கொழுவியின்மேல் அழுந்தவேண்டும். இல்லாவிடில் வேகமாகச் செல்கையில் இழுவண்டி பாம்புபோல வளைந்தாடத் தொடங்கும். இதற்காகப் பற்றரியையும் நங்கூரத்தையும் முன்பக்கத்துக்கு மாற்றினேன். முன்னும் பின்னும் பாரம் சரியாக இருக்கவேண்டுமென்று இவ்வளவு யோசித்தவன், மேலும் கீழும் பற்றி ஏன் யோசிக்கவில்லை என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆடி மாதம் பிறந்தது. பீற்றர்பரோ நகருக்குத் தெற்கேயுள்ள றைஸ் ஏரிக்குப் புறப்பட்டோம். அரிசி ஏரி என்பதே அதன் பொருள். பெயரைக் கேட்டதும் மனைவி, "அப்ப அரிசி கொண்டுபோகத் தேவையில்லை" என்றாள். அங்கே தண்ணீரிலே தானாக விளையும் ஒருவகைப் புல்லரிசியை, அந்நிலத்தின் ஆதிக்குடிகளாகிய அனிஷினாபே மக்கள் சிறு தோணிகளிலே சென்று அறுவடை செய்வது வழக்கம். நீர்வழிக்காக அணைகள் கட்டி ஏரியின் மட்டம் உயர்த்தப்பட்டபின் அந்தப் பயிர் பெரும்பாலும் அழிந்துபோயிற்று; பெயர் மாத்திரம் எஞ்சியது. ஏரி ஏறத்தாழ 30 கிலோமீற்றர் நீளமானது. தென்மேற்கிலிருந்து வடகிழக்காகக் கிடக்கின்றது. ஆழம் அதிகமில்லை. ஆழமில்லாத நீரிலே நீளவாக்கில் காற்று ஓடினால், குறுகிய செங்குத்தான அலைகள் விரைவாக எழும். இதுவும் நான் பின்னர் அறிந்ததே.

மாமா படகிலே காலெடுத்து வைத்த கணத்தை எப்படிச் சொல்வேன்! கைத்தடியை மகளிடம் கொடுத்துவிட்டார். வீட்டிலே சுவரைப் பிடித்து நடப்பவர், அசையும் தட்டிலே ஒன்றையும் பிடியாமல் நடந்து பின்புறத்து இருக்கையில் அமர்ந்தார். உயிர்காப்பு அங்கியை ஒருவரும் சொல்லாமலே அணிந்து நாடாவைக் கட்டிக்கொண்டார்.

முதலாம் நாள் இனிது கழிந்தது. தீவொன்றின் மறைவிலே நங்கூரமிட்டோம். மனைவி இடியப்பமும் சொதியும் ஆக்கினாள். பதினான்கு வயது மகளும் ஒன்பது வயது மகனும் கூரையின்மேல் படுத்திருந்து நட்சத்திரம் பார்த்தார்கள். மறுநாட் காலை மெல்லிய காற்று வீசியது. படகு இருபுறமும் சாவதானமாக அசைந்தது.

"பாருங்கோ மாமா, தொட்டில் மாதிரி ஆடுது!" என்றேன் பெருமையோடு.

மாமா சிரிக்கவில்லை. வலக்கை விரல்களால் முழங்காலிலே தாளம்போல ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார்.

"தொட்டில் தானாத் திரும்பி வரும், தம்பி. இது திரும்பி வர யோசிக்குது."

வயது போனவர்களுக்குத் தண்ணீரிலே பயம் இருக்கத்தான் செய்யும் என்று எண்ணிக்கொண்டேன். நாற்பது ஆண்டுகள் கடலிலே போன வள்ளங்களைக் கட்டியவரைப் பற்றி, ஓர் ஏரியிலே ஒரு நாள் மிதந்த நான் அப்படி எண்ணினேன்!

பிற்பகல் மூன்று மணியளவில் காற்று வலுத்தது. கரைக்குத் திரும்பலாமென்று நங்கூரத்தைத் தூக்கி இயந்திரத்தை முடுக்கினேன். பிள்ளைகள் இருவரும் கூரைமேலேயே இருந்தார்கள். தொட்டியிலே பாதித் தண்ணீர் மிச்சம். தீவின் மறைவை விட்டு வெளியே வந்து, துறையை நோக்கிப் படகைத் திருப்பினேன். அலைகள் பக்கவாட்டிலே வந்து மோதின. மூன்றாவதோ நான்காவதோ அலையிலே படகு வலப்புறம் சாய்ந்தது. சாய்ந்தது நிமிரவில்லை. அப்படியே நின்றது. தலைக்குமேலே தொட்டியிலிருந்த தண்ணீர் சளசளவென்று சாய்ந்த பக்கத்துக்கு ஓடிய ஓசையை நான் கேட்டேன். குசினியிலே சட்டி உருண்டு விழுந்தது. கூரையின் விளிம்பிலே மகனுடைய கால்கள் தொங்குவது கண்ணாடி வழியே தெரிந்தது.

"பிள்ளையள், படுங்கோ! எழும்பாமல் அப்படியே நடுவிலே படுங்கோ!"

அது மாமாவின் குரல். அத்தனை உரத்த குரல் அவரிடம் இருந்ததை இருபத்தைந்து ஆண்டுகளில் அன்றுதான் அறிந்தேன்.

"தம்பி, முகத்தைக் காற்றுக்குத் திருப்பும். மெதுவா."

திருப்பினேன். படகு பெருமூச்சு விடுவதுபோல நிமிர்ந்தது. அலைகள் இப்போது முன்பக்கத்திலே வந்து பிளந்துபோயின. பிள்ளைகளை ஒருவர்பின் ஒருவராகத் தவழ்ந்து இறங்கச் செய்து, உள்ளே தரையிலே இருத்தினார். மனைவி மகனை மடியிலே இறுகப் பிடித்துக்கொண்டு தரையோடு அமர்ந்தாள். பின்னர் மாமா எழுந்து சென்று தொட்டியின் குழாயை முற்றாகத் திறந்துவிட்டார். அறுபது லீற்றர் தண்ணீரும் ஏரியிலே போய்ச் சேரும்வரை குழாய்ப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. காற்றை நோக்கியே மெல்ல மெல்ல ஊர்ந்து, பழைய தீவின் மறைவுக்குத் திரும்பினோம்.

நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. பின்பு மனைவி மெதுவாகச் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, ஐயா சித்திரையிலேயே சொன்னவர்."

மாமா என்னைக் கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். கடிந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவரோ தேநீரை ஆற்றிக் குடித்துக்கொண்டு, "நானும் சின்ன வயசிலே மேலே பாரம் வைச்சுக் கட்டி, அப்புவிட்டை அடி வாங்கினவன்தான்" என்றார். அவ்வளவே.

வீடு திரும்பியதும் என் மகள் இந்த விஷயத்தை விடாமல் பிடித்துக்கொண்டாள். கேக் வேகவைக்கும் அகன்ற தட்டிலே தண்ணீர் ஊற்றி, இரு கையாலும் ஏந்தி நடந்து காட்டினாள். தட்டு ஒரு பக்கம் சிறிது தாழ்ந்ததும் தண்ணீர் முழுவதும் அப்பக்கமே ஓடி, தட்டை இன்னும் தாழ்த்தியது. அதே தண்ணீரைப் போத்தலிலே அடைத்து ஏந்தினால் ஒரு தொல்லையும் இல்லை. நிறைந்த தொட்டியிலே நீர் ஓட இடமில்லை. வெறுந்தொட்டியிலே ஓட நீரில்லை. பாதி நிறைந்த அகன்ற தொட்டியே பொல்லாதது. அதனை நீளவாக்கிலே சுவர் வைத்து இரண்டாகப் பிரித்தால், இந்தத் தீமை பாதியாக அன்று, கால்பங்காகவே குறைந்துவிடும் என்று தாளிலே கணக்குப் போட்டும் காட்டினாள். கப்பற்காரர்கள் இதைப் பன்னெடுங்காலமாக அறிவார்களாம்.

மாமா முழங்காலிலே எண்ணியதன் மர்மமும் அப்போதுதான் வெளியாயிற்று. நிமிரும் வலிமை மிகுந்த படகு வெடுக்கு வெடுக்கென்று விரைவாக ஆடும். உள்ளே இருப்பவருக்கு அது அசௌகரியமாக இருக்கும். மேற்பாரம் கூடக்கூட ஆட்டம் மெதுவாகிக்கொண்டே போகும். உள்ளே இருப்பவருக்கோ சுகமாக இருக்கும். அந்தச் சுகத்தைத்தான் நான் தொட்டில் என்று புகழ்ந்தேன். அடுத்த வாரம் படகைக் காற்றில்லாத துறையொன்றிலே இறக்கி, தொட்டியிலே பாதித் தண்ணீர் விட்டு, பக்கத்திலே தள்ளி ஆட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தோம். பத்து ஆட்டத்துக்கு 43 விநாடி. மாமா தலையசைத்தார்.

கூரைத்தொட்டியைக் கழற்றினேன். அதற்குப் பதிலாக, ஒடுங்கிய தொட்டிகள் இரண்டைத் தரைக்குக் கீழே, ஏரா என்னும் அடிமரம் இருக்கவேண்டிய நடுக்கோட்டுக்கு இருமருங்கும் பொருத்தினோம். தண்ணீரை மேலே எடுக்கக் காலால் மிதிக்கும் சிறு பம்பி போதுமாயிற்று. அதற்கு மின்சாரமே தேவையில்லை! நான் மாமாவுக்குச் சொன்ன ஒரே நியாயமும் அதனோடு போயிற்று. பற்றரியைத் தரைமட்டத்துக்கு இறக்கினோம். சூரியத் தகடுகளை மட்டும், நிறை குறைந்தவையாகையால், கூரையிலே இருக்க மாமா அனுமதித்தார். கூரைக்கு ஏறும் ஏணியை நானே அறுத்து எறிந்தேன். மீண்டும் துறைக்குச் சென்று ஆட்டிப் பார்த்தோம். பத்து ஆட்டத்துக்கு 27 விநாடி. படகு சற்று முரட்டுத்தனமாக ஆடியது. மாமாவின் முகத்திலே அன்றுதான் சிரிப்பைக் கண்டேன்.

ஒரு பிழை வெளிப்பட்டபின் மற்றவற்றையும் சந்தேகிக்கத் தோன்றுமல்லவா? அடுப்புக்கான வாயு உருளையை நான் உள்ளே அடுப்பின் கீழேயே வைத்திருந்தேன். புரொப்பேன் வாயு காற்றைவிடக் கனமானது; கசிந்தால் மேலெழுந்து போகாது, படகின் அடிப்பள்ளத்திலே தண்ணீர்போலத் தேங்கி ஒரு தீப்பொறிக்காகக் காத்திருக்கும். உருளையை வெளித்தட்டிலே, அடியில் துளையுள்ள பெட்டிக்கு மாற்றினோம். மழை நாளுக்கென்று வாங்கியிருந்த சிறு பெற்றோல் மின்பிறப்பாக்கியைப் பின்தட்டிலே ஓடவிட எண்ணியிருந்தேன். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு மணமற்றது, நிறமற்றது. பின்புறக் காற்றோடு அறைக்குள்ளே புகுந்தால், உறங்குபவர் உறக்கத்திலேயே போய்விடுவர். அந்தப் பொறியை விற்றுவிட்டு, அந்த வாயுவைக் கண்டால் கூவும் கருவி ஒன்றைப் படுக்கையருகே மாட்டினேன். இரண்டு நாளுக்குமேல் வெயில் இல்லாவிட்டால் குளிர்ப்பெட்டியை நிறுத்திவிட்டுப் பருப்பும் கருவாடும் உண்பதென்று மனைவி தீர்ப்பளித்தாள். கழிவுக்கு மூடிய தொட்டியுள்ள கைக்கழிப்பறை. அதைக் கரையிலுள்ள நிலையத்திலேதான் வெறுமையாக்கவேண்டும், ஏரியிலே விடுதல் சட்டவிரோதம். வேறோர் ஏரிக்குப் போகுமுன் படகிலே ஒட்டிய பாசியைக் களைந்து, அடித்தக்கையைக் கழற்றித் தண்ணீரை முற்றாக வடிக்கவேண்டுமென்று 2022 ஜனவரி முதல் ஒன்ராறியோவிலே விதியுண்டு. வரிக்குதிரைச் சிப்பி போன்ற அந்நிய உயிர்கள் ஏரிக்கு ஏரி பரவாதிருக்கவே இந்த ஏற்பாடு. கழற்றிய தக்கையைத் திரும்பப் போட மறந்து படகை இறக்குவதும் இங்கே வழக்கமான விபத்து. மாமா அந்தத் தக்கையை இயந்திரத்தின் சாவியோடு கயிற்றாலே கட்டிவிட்டார். தக்கையைத் தேடாமல் சாவியை எடுக்கமுடியாது.

ஆவணி இறுதியிலே மறுபடியும் புறப்பட்டோம். மனைவி வருவாளோ என்று எனக்கு ஐயமிருந்தது. "ஐயா போனால் நானும் வாறன்" என்றாள். றைஸ் ஏரியிலிருந்து ஒற்றனபீ ஆற்றின் வழியே மேலேறி, பீற்றர்பரோவிலுள்ள பெரிய படகுத்தூக்கியை அடைந்தோம். 1904ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட அது, படகுகளைத் தண்ணீரோடு சேர்த்து ஏறக்குறைய 20 மீற்றர் உயரம் தூக்கிவிடுகின்றது. இரண்டு பெருந்தொட்டிகள் தராசுத்தட்டுகள்போல நிற்கின்றன. மேலே நிற்கும் தொட்டியிலே ஓர் அடி உயரத்துக்கு அதிகமாகத் தண்ணீர் விடுகிறார்கள். அந்த ஓரடித் தண்ணீரின் பாரமே அதனைக் கீழிறக்கி, மற்றதை மேலே தூக்குகின்றது. தொட்டியிலே படகு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிறை மாறுவதில்லை. படகு தன் நிறைக்குச் சமமான தண்ணீரை வெளியே தள்ளிவிடுகிறதே! மகள் இதை அம்மப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருக்கையிலே நாங்கள் மெல்ல மேலெழுந்தோம். கீழே மரங்களும் வீடுகளும் தாழ்ந்து சென்றன. மாமா படகின் விளிம்பிலே கையை ஊன்றி, கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓரடித் தண்ணியோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

கூரையிலே பழைய தொட்டி இருந்த இடத்தில் நான்கு துளைகளை அடைத்த தழும்புகள் இன்றும் தெரிகின்றன. வெயிலடிக்கும் நாளிலே மனைவி என்னைக் கொண்டு ஒரு சுளகை அவ்விடத்திலே வைப்பித்து, மோர்மிளகாய் காயப்போடுகிறாள். முதல் நாள் மாமா அந்தச் சுளகை வாங்கிக் கையிலே தூக்கி நிறை பார்த்தார். பின்பு ஒன்றும் சொல்லாமல் என்னிடம் நீட்டினார்.